‘இப்போதைக்கு’ என்று வைத்த பாட்டில்

அடுக்களை முதல் முற்றம் வரை: வாசகர் கேள்வி, சிஸ்டர் பதில்

தக்கலைக்கு மேற்கே ஒரு துணை சுகாதார நிலையத்தில் 33 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் என் பெயர் சிஸ்டர்தான். வீட்டில் வருகிற விபத்து, வீட்டில் இருந்து வருகிற நோய் பற்றி எழுதுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழை நனைத்தவை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. அதனால் பாசி, கொசு, பாம்பு, ஷாக் எல்லாமே நமக்கு வருடத்தில் இரண்டு சீசன்.

கேள்வி: எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. வீட்டுக்காரர் தானே பால் வெட்டி, தானே ஷீட் அடிக்கிறார். பாலை உறைய வைக்கிற ஆசிட்டைப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி அடுக்களை ஜன்னல் திட்டில் வைப்பார். மகளுக்கு மூன்று வயது. எடுத்து வையுங்கள் என்றால், “இப்போதைக்கு இருக்கட்டும்” என்பார். மாமனாரோ, “நாற்பது வருஷமா அங்கதான் இருக்கு, யாருக்கு என்ன ஆச்சு?” என்கிறார். நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேனா சிஸ்டர்?
வாசகி, குலசேகரம்

இல்லை மக்ளே, இன்னும் கொஞ்சம் பயப்படலாம். அந்த நாற்பது வருடத்தில் எத்தனை வருடம் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருந்தது என்று மாமனாரிடம் கேட்டுப்பார். சண்டைக்கு இழுக்காமல், சாயா கொடுக்கும்போது மெதுவாகக் கேள்.

பாலை உறைய வைக்கக் கேனில் வாங்குகிற அந்த பார்மிக் ஆசிட் பெரும்பாலும் 85 சதவிகிதச் செறிவு. பார்த்தால் பச்சைத்தண்ணீர். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதில் இருக்கிற அமிலம்தான் இது. லத்தீன் மொழியில் எறும்புக்கு உள்ள பெயரில் இருந்துதான் இதற்குப் பெயரே வந்தது. எறும்பு ஊசிமுனை அளவுகூட ஏற்றுவதில்லை, அதற்கே துள்ளுகிறோம். உங்கள் ஜன்னல் திட்டில் இருப்பது ஒரு பாட்டில். ஒரு மடக்கு உள்ளே போனால் வாய், தொண்டை, உணவுக்குழாய், வயிறு எல்லாம் வெந்துவிடும். ரத்தத்தில் கலந்தால் ரத்த அணுக்களை உடைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிழைத்துக்கொண்ட பிள்ளைக்குக்கூட உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கி, கஞ்சி இறங்காத நிலை வரலாம்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 1991. என் மூத்தவனுக்கு நான்கு வயது. ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கி வந்த நாள். கேனுடைய மூடி உடைந்திருந்தது. சரி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று ஒரு ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊரெல்லாம் போய் ‘விஷப்பொருளைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள்’ என்று சொல்கிற நர்ஸ் வைத்த இடம் அது. விளையாடிவிட்டு ஓடிவந்தவன் அண்ணாந்து ஒரு மடக்கு குடித்துவிட்டான். குடித்ததைவிடப் பெரிய கேடு அடுத்து நடந்தது. மாமியார் பதறிப்போய் அவன் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார். மண்ணெண்ணெய் வயிற்றில் கிடந்தால் செய்கிற கெடுதலைவிட, மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் செய்கிற கெடுதல் அதிகம். இரவுக்குள் காய்ச்சல், நிமோனியா. ஆறு நாள் ஆஸ்பத்திரி. அவன் இப்போது நன்றாக இருக்கிறான், அவனுக்கே இரண்டு பிள்ளைகள். ஆனால் அந்த ஸ்குவாஷ் பாட்டிலின் பச்சை மூடி இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. மாமியாரை நான் குறை சொன்னதில்லை. பாட்டிலில் ஊற்றியவள் நான்தானே.

ஆகவே முதல் வேலை, குடிக்கிற பாட்டிலில் குடிக்கக்கூடாத எதையும் ஊற்றக்கூடாது. ஆசிட் வாங்கிய கேனிலேயே, அதன் லேபிளோடு இருக்கட்டும். அடுக்களைக்குள் வரவே வேண்டாம். ஷீட் அடிக்கிற கொட்டகையில் ஒரு மரப்பெட்டி செய்து பூட்டுப் போடச் சொல். உயரத்தில் வைத்தால் போதும் என்று மட்டும் நினைக்காதே. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளையை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. ஒரு நாளுக்கு வேண்டியதை மட்டும் அளந்து எடுத்து, கலக்கி முடித்ததும் மிச்சத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது, தெறிக்கும். கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டோவுக்குப் போன்.

தப்பித் தவறிப் பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே. உப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். வாயை மட்டும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு 108-ஐ கூப்பிடு. அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டு போ. என்ன குடித்தாள் என்பதை டாக்டர் ஊகிக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

கேள்வி: வீட்டில் இரண்டு பேருக்கு டெங்கு வந்துவிட்டது. தொட்டி, டிரம் எல்லாம் மூடித்தான் வைத்திருக்கிறோம். கொசு எங்கே இருந்து வருகிறது?
வாசகர், அருமனை

வீட்டுக்குள் மட்டும் தேடியிருக்கிறீர்கள். அருமனைக்காரர் நீங்கள், ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். பால் வெட்டு நிறுத்திய மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டை நிமிர்ந்தே இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல்கடை மழைத்தண்ணீர். உள்ளே குட்டிக் குட்டியாக நெளிகிறதே, அதுதான் உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவில் இரண்டு இனம். ஒன்று வீட்டோடு ஒட்டி இருக்கும். இன்னொன்றுக்குத் தோட்டமும் தோப்பும்தான் சொர்க்கம். வெட்டு இல்லாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். தோட்டம் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால் பேசித்தான் ஆக வேண்டும். யார் தோட்டம் என்று கொசுவுக்குத் தெரியாது.

விழுந்து கிடக்கிற கமுகம்பாளை, பின்பக்கத்து டயர், தேங்காய் மட்டை, கிணற்றை மூடிய பிளாஸ்டிக் ஷீட்டின் மடிப்பு, பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, இவற்றையும் பாருங்கள். முட்டையில் இருந்து பறக்கிற கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரத்தில் ஒரு நாள் என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும் முன் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் தீராது. முட்டை பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். மத்தியானம் தூங்குகிற பிள்ளைக்கும் வலை கட்டுங்கள். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும்.

கேள்வி: நான் குவைத்தில் இருக்கிறேன். களியக்காவிளைப் பக்கம் ஊர். அம்மைக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். போன மாதம் முற்றத்தில் வழுக்கி விழுந்தார், நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. லீவில் வரும்போது பாத்ரூமை இடித்துப் புதிதாகக் கட்ட நினைக்கிறேன். என்னென்ன செய்ய வேண்டும்?
வாசகர், குவைத்

தம்பி, இடிக்கிறதுக்கு முன்னால் ஒரு வேலை செய். அம்மைக்கு வீடியோ கால் போட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு மூத்திரம் வந்தால் எப்படிப் போகிறார் என்று நடந்து காட்டச் சொல். கட்டிலில் இருந்து பாத்ரூம் வரைக்கும். அவர் கையில் என்ன இருக்கிறது, எதைப் பிடிக்கிறார், எங்கே நிற்கிறார், சுவிட்ச் எங்கே, எல்லாம் தெரிந்துவிடும்.

நான் இப்படி எத்தனையோ வீட்டில் நடந்து பார்த்திருக்கிறேன். ஒரு வீடு மட்டும் சொல்கிறேன். மகன்கள் இருவரும் வெளிநாடு, மார்பிள் போட்ட வீடு, முகம் பார்க்கலாம் அதில். அந்த அம்மாச்சி படுக்கிற அறையின் சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில், கட்டில் எதிர்ச்சுவரில். ஆக விளக்குப் போட இருட்டில் எட்டு எட்டு வைக்க வேண்டும். வழியில் ஒரு சாக்கு மிதியடி. பாத்ரூம் வாசலில் நாலு விரல் உயரத்துக்குப் படி. உள்ளே போனால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, துண்டு போடுகிற ஸ்டீல் கம்பி மட்டும் உண்டு. “இதைத்தான் பிடிப்பேன் சிஸ்டர்” என்று பிடித்துக் காட்டினார். காட்டும்போதே ஒரு பக்கத்து ஸ்குரூ பிளாஸ்டிக் முளையோடு என் காலடியில் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

துண்டுக் கம்பி துண்டுக்கு மட்டும்தான். பிடித்து எழும்பக் கைப்பிடி தனியாக விற்கிறார்கள். அதைச் செங்கல்லில் ஆழமாகத் துளை போட்டு, பெரிய போல்ட்டால் இறுக்க வேண்டும். டாய்லெட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று. உயரம் தரையில் இருந்து சுமார் 80 முதல் 90 சென்டிமீட்டர். ஆனால் டேப்பை நம்பாமல் அம்மையை நிறுத்தி, அவர் கை எங்கே எட்டுகிறதோ அங்கே பென்சிலால் குறி போடு. மாட்டி முடித்ததும் நீயே தொங்கிப் பார். உன் கனத்தைத் தாங்கினால் அவரைத் தாங்கும்.

டைல்ஸ் கடையில் பளபளப்பைப் பார்க்காதே. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டி வெறுங்காலால் தேய்த்துப் பார்த்து வாங்கு. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வை. உள்ளே விழுந்து கிடக்கிறவர் உடம்பே கதவை அடைத்துவிடும், தள்ளினால் அவருக்கு வலி. தாழ்ப்பாளும் வெளியில் இருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற வகை கிடைக்கிறது.

கட்டிலோரத்தில் கை எட்டுகிற இடத்தில் ஒரு சுவிட்ச், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க எரிகிற சின்ன எல்.இ.டி. மிதியடியை எல்லாம் எடுத்து வீசச் சொல். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் படுக்கையில் இருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். ஒரு நிமிடம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டு எழும்பட்டும். கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். படியின் விளிம்பு தெரியாமல் விழுகிறவர்கள் அதிகம். படியின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு இழுத்தால் அதுவும் நல்ல உதவி.

முற்றத்துப் பாசிக்கு வருகிறேன், விழுந்ததே அங்கேதானே. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விட்டு, கட்டைத் துடைப்பத்தால் தேய்த்தால் போய்விடும். தேய்க்கிறது அம்மையாக இருக்கக் கூடாது, ஆள் வைத்துச் செய். சில பேர் பாசி சீக்கிரம் போகட்டும் என்று அதோடு கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய பாத்ரூமில் இதைச் செய்துவிட்டு மூச்சுத் திணறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாத்ரூமை இடிக்கத்தான் வேண்டுமா என்றால், இதையெல்லாம் செய்த பிறகு யோசி. அனேகமாகக் காசு மிச்சம்.

கேள்வி: மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்? ஒரு பிடி போதுமா?
வாசகர், இராஜாக்கமங்கலம்

யாருடைய பிடி? உங்கள் பிடியும் என் பிடியும் ஒன்றா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். கயிற்றில் கல் கட்டி இறக்கித் தண்ணீரின் ஆழத்தை அளந்து அதோடு பெருக்குங்கள். பிறகு 3.14-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்து, 1,000-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று வரும். விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் 9,420 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். ஆக சுமார் 24 கிராம். அதே கிணற்றில் மழைக்குப் பிறகு தண்ணீர் 5 மீட்டருக்கு ஏறிவிட்டால் 39 கிராம் ஆகிவிடும். அதனால் போன மாதக் கணக்கு இந்த மாதத்துக்கு உதவாது. பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பவுடரை அப்படியே கிணற்றில் வீசக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழம்பாகக் கரைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அதைக் கயிற்றில் இறக்கித் தண்ணீருக்குள் முக்கி மேலும் கீழுமாக ஆட்டுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். ராத்திரி படுக்கும் முன் செய்தால் காலைக்குச் சரியாகிவிடும். பவுடர் புதிதாக இருக்க வேண்டும். திறந்து வைத்து மணம் போன பவுடர் வெறும் சுண்ணாம்புதான்.

சேறாகக் கலங்கியிருக்கிற நாளில் குளோரின் சரியாக வேலை செய்யாது. தெளிய விடுங்கள், அதுவரை குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள். குமிழி வந்ததும் இறக்குவது கொதி அல்ல, குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கட்டும்.

கடிதத்தின் ஓரத்தில் ‘பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் 20 அடியில்’ என்று சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடி, அதாவது 15 மீட்டராவது இடைவெளி வேண்டும். நாலு சென்டில் வீடு, கிணறு, டேங்க் எல்லாம் கட்டுகிற ஊரில் இது கிடைப்பது கஷ்டம், தெரியும். கிடைக்காத இடத்தில் அந்தக் கிணற்றைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்கக் குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள்.

கேள்வி: மழை பெய்தாலே வீட்டில் கரண்ட் மொத்தமாகக் கட் ஆகிறது. எலக்ட்ரீசியன் வந்து, “இந்த ஆர்.சி.சி.பி.தான் தொல்லை” என்று, கரண்ட் கசிந்தால் நிறுத்துகிற அந்த சுவிட்சைத் தவிர்த்து டைரக்ட் கொடுத்துவிட்டார். இப்போது பிரச்சினை இல்லை. சரிதானே?
வாசகி, குழித்துறை

பிரச்சினை அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த வாயைத்தான் அவர் கட்டிவிட்டார்.

மழை பெய்யும்போது மட்டும் விழுகிறது என்றால் எங்கோ ஈரம் பட்டு மின்சாரம் கசிகிறது. மோட்டார் வயராக இருக்கும், வெளிவிளக்காக இருக்கும். ஆளை ஷாக்கில் இருந்து காப்பாற்ற வீட்டில் வைக்கிற ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். விளக்கு லைனுக்குப் போடுகிற எம்.சி.பி. என்ற சுவிட்ச், கரண்ட் 6 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். ஒரு மனுஷனுடைய இதயத்தை நிறுத்த ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். அப்படியென்றால் எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுமே தவிர உன்னைக் காப்பாற்றாது. வேறு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு லைனாகப் பிரித்துக் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அமுக்கினால் டப் என்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

இதோடு ஒன்று. சக்கை (பலாப்பழம்) சீசனில் அதைப் பறிக்க இரும்புக் குழாயிலும் அலுமினியத்திலும் தோட்டி, அதாவது நீளத் துரட்டி செய்கிறார்கள். மரத்துக்குள் மறைந்து போகிற கரண்ட் கம்பி கீழே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. மூங்கில் தோட்டி போதும், அதுவும் ஈரம் இல்லாத நாளில். கிளை கம்பியில் உரசினால் நீங்களே வெட்டப் போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-இல் சொல்லுங்கள்.

கேள்வி: அடுக்களைச் சுவரோரம் விறகு அடுக்கியிருக்கிறோம். இரண்டு முறை பாம்பு வந்தது. பூண்டு நசுக்கிப் போட்டால் வராது என்கிறார்கள். உண்மையா?
வாசகி, பேச்சிப்பாறை

பூண்டைச் சம்மந்தி (துவையல்) அரைக்க வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு வருவது எலிக்காக, எலி வருவது சிந்திய அரிசிக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும். ரப்பர் விறகைச் சுவரை விட்டுத் தள்ளி, தரையில் இருந்து ஒரு முழம் உயர்த்திக் கட்டைமேல் அடுக்குங்கள். விறகு எடுக்கக் கையை விடும் முன் கம்பால் தட்டுங்கள்.

தரையில் பாய் விரித்துப் படுக்கிற வழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும், அது கடித்தது பல பேருக்குத் தெரிவதே இல்லை, வலியும் இராது, பல் பட்ட இடமும் தேடினால்தான் தெரியும். விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமையைத் தூக்க முடியவில்லை என்று சொல்வார்கள். கட்டில், அதன்மேல் கொசுவலை, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுவது. கொசுவுக்கு வாங்கிய வலை பாம்புக்கும் ஆகும்.

கடித்துவிட்டால் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, பாம்பை அடித்துக்கொண்டு வர நேரம் கழிக்கக்கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றி, எலும்பு முறிந்த கையை வைத்திருப்பது போல் அசையாமல் வைத்து 108-இல் கூட்டிப் போங்கள். மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

கேள்வி: கேஸ் வாடை வந்தால் முதலில் என்ன செய்வது?
வாசகி, நாகர்கோவில்

சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் பேன் உள்பட. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே முற்றத்துக்கு வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவும் திறக்க வேண்டும். ரப்பர் குழாய் 5 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதா என்று அதன்மேல் அச்சடித்திருக்கிற தேதியை இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: உங்கள் பதில்களைப் படித்தால் வீட்டுக்குள் இருக்கவே பயமாக இருக்கிறது. நம் பாட்டாமார் இப்படியெல்லாம் பார்த்தா வாழ்ந்தார்கள்?
வாசகர், இரணியல்

பார்க்காமலா? ராத்திரி முற்றத்தில் இறங்கும் முன் உங்கள் பாட்டா ஒரு தடவை செருமுவார், கம்பைத் தரையில் தட்டுவார், எரிகிற சூட்டுக்கட்டையை வீசிக்கொண்டு போவார். அது பாம்புக்கு. தண்ணீரை வெந்நீராக்கிச் சுக்கோ சீரகமோ போட்டுத்தான் குடிப்பார். அவருக்கு கேஸ் இல்லை, ஆர்.சி.சி.பி. வேண்டாம், பார்மிக் ஆசிட்டை அவர் பார்த்ததே இல்லை. அவர் வீட்டில் இருந்த ஆபத்துக்கு அவர் வழி கண்டுபிடித்தார். அப்புறம், அவருக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, வளர்ந்தவர்கள் எத்தனை என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் ஆச்சிக்கு ஒன்பது, வளர்ந்தது ஐந்து.

கேள்வி: சிஸ்டர் ஆன்ட்டி, நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பாட்டி ஸ்டூல் மேல் ஏறி மேல்தட்டில் இருந்து ஊறுகாய்ப் பரணியை எடுப்பார். ஸ்டூல் ஆடும். ஏறாதீங்க என்றால் கேட்கவே மாட்டார். நான் எப்படிச் சொல்ல வேண்டும்?
வாசகி, குளச்சல்

மக்ளே, சொல்லவே வேண்டாம். பாட்டி கோவிலுக்குப் போயிருக்கும்போது உன் அப்பாவைக் கூப்பிட்டுப் பரணியை இடுப்பு உயரத்துத் தட்டுக்கு இறக்கி வைக்கச் சொல். அந்த இடத்தில் இருக்கிற, யாரும் எடுக்காத பழைய டின்னர் செட்டை மேலே ஏற்றிவிடு. பாட்டி ரெண்டு நாள் முணுமுணுப்பார். பரணி மூடியின் துணியை மட்டும் நன்றாக இறுக்கிக் கட்டிவிடு, வீட்டில் தம்பி இருந்தால் மாங்காய் காலியாகிவிடும்.